எதிர் வீட்டுக் கதவில் இருந்த துளை

இதை நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. நம்பச் சொல்லிக் கெஞ்சுகிற வேலையை மூன்று வருடம் செய்தவள் நான். போலீசிடம், வக்கீல்களிடம், சொந்தக்காரர்களிடம்... எல்லோரிடமும் ஒரே பேச்சுதான். எங்கள் அண்ணன் அப்படிச் செய்யக்கூடிய ஆள் இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நடுராத்திரிக் கதை என்று எதிர்பார்க்க வேண்டாம். சாயங்காலம் ஏழு மணி. கீழ் மாடியில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. பேய் வருகிற நேரமே இல்லை அது.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்குப் பதினோரு வயதிலிருந்து அண்ணன்தான் எல்லாம். அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டு, ஒரு பின்னல் மேலேயும் ஒன்று கீழேயுமாகப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலைக்குப் போவான். இடுப்பில் எப்போதும் ஒரு சாவி தொங்கும். லிஃப்ட் வந்து நிற்காத மாடியிலும் அதன் வெளிக்கதவைத் திறக்கிற சாவி. சின்ன வயதில் அதைத் தொட்டால் மட்டும் கையில் ஒரு அடி விழும். மற்றபடி என் மேல் அவன் கை ஓங்கியது கிடையாது.

அவன் மாதாமாதம் போய்ப் பார்க்கிற ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், நான்காவது மாடியில், ஒரு தையல்காரம்மா தனியாக இருந்தார். ஒருநாள் ராத்திரி அவரைக் கழுத்தில் குத்துப்பட்டுக் கிடந்தபடி கண்டுபிடித்தார்கள். துணி வெட்டுகிற பெரிய கத்திரிக்கோல் காணவில்லை. கடைசிவரை அது கிடைக்கவே இல்லை. லிஃப்ட் கதவைச் சரியாக மூடாமல் போகிறான் என்று அந்த அம்மா கம்பெனிக்கு இரண்டு முறை புகார் செய்திருந்தார். அன்றைக்கு அண்ணன் அங்கே வேலைக்குப் போயிருந்தான். ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன் என்றான்.

எதிர் வீட்டுக்காரர் இல்லை என்றார்.

அவரை எல்லோரும் ரேடியோக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலேயே பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பவர். சாட்சிக் கூண்டில் ஏறி அவர் சொன்னது நாலே வரிதான். ஏழு மணிச் செய்தி முடிந்ததும் வெளியே சத்தம் கேட்டது. கதவில் இருக்கிற துளை வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா வீட்டிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் வெளியே வந்தார். அப்போது மணி ஏழு பத்து.

அந்த நாலு வரிக்கு அண்ணனுக்கு ஆயுள் தண்டனை.

மேல்முறையீடு என்றால் எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து விசாரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். ஊரார் வழக்கையெல்லாம் நகல் எடுத்தவள். இருந்தும் இது தெரியாது. புதிதாகப் பிடித்த வக்கீலம்மாதான் புரிய வைத்தார்.

"சாட்சியைத் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. எழுதி வச்சதை மட்டும்தான் படிப்பாங்க. கீழ்க் கோர்ட் ஜட்ஜ் அவரை நேர்ல பாத்து, அவர் பேசுறதைக் கேட்டு நம்பியிருக்கார். அதை லேசுல தள்ள மாட்டாங்க."

"அப்ப எதைத்தான் மேடம் பாப்பாங்க?"

"அவர் சொன்னது நடக்கக்கூடியதான்னு பாப்பாங்க. நடக்கவே முடியாதுன்னு அந்த வழக்குக் கட்டுக்குள்ள இருக்கிற பேப்பரை வச்சே காட்டணும். வெளியிலிருந்து புதுசா எதையாவது கொண்டுபோனா, இதை ஏன் அப்பவே சொல்லலைன்னு கேப்பாங்க."

அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. வெளிச்சம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற நடைக்கு ஒரே ஒரு பல்புதான், அதுவும் ஒரு ஓரத்தில். பழைய வக்கீல் ரேடியோக்காரரிடம் கண்ணாடி போட்டிருந்தீரா, கடிகாரம் சரியாக ஓடியதா என்றெல்லாம் கேட்டிருந்தார். வெளிச்சம் போதுமா என்று கேட்கவே இல்லை.

"இது கோர்ட்ல கொடுக்கறதுக்கு இல்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். தெரியாம நான் வாய் திறக்க முடியாது. நீயும் அந்த ரேடியோக்காரர் உயரம்தான். அதே நேரத்துல போய், அதே துளை வழியாப் பாரு. என் குமாஸ்தாவைக் கூட்டிட்டுப் போய் எதிர்ல நிறுத்து. அவர் உங்கண்ணன் உடம்பு."

விசாரணைக்கு நாலு நாள்தான் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் அண்ணனைச் சிறையில் போய்ப் பார்த்திருந்தேன். கன்னம் ஒட்டி, தலை பாதி நரைத்து உட்கார்ந்திருந்தான். "இதுவும் போச்சுன்னா விட்டுடு. எனக்காக நீ அலைஞ்சது போதும்" என்றான். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். இந்த வழக்கு தோற்றால் அவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

துளை வழியாகப் பார்த்து, முகம் நன்றாகவே தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அதையும் யோசித்து வைத்திருந்தேன். தெரியவில்லை என்று சொல்லிவிடுவது. அவ்வளவுதான்.

நாங்கள் போனபோது மணி ஆறே முக்கால். ரேடியோக்காரர் தன் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் வீடு வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடந்தது. வீடு பார்க்க வந்தவர்கள் என்று சொல்லி வாட்ச்மேனிடம் சாவி வாங்கினோம். லிஃப்ட்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அண்ணன் ஜெயிலுக்குப் போனதிலிருந்து அது சரியாக ஓடவே இல்லையாம்.

"அந்த மெக்கானிக் கைராசிக்காரன்மா. என்ன செய்யுறது, புத்தி கெட்டுப்போச்சு" என்றார் வாட்ச்மேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினேன்.

நான்காவது மாடி நடையில் கும்மிருட்டு. பல்பு போய்விட்டிருந்தது. குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிச்சத்தைப் பார்க்க வந்த இடத்தில் வெளிச்சமே இல்லை. புதுப் பல்பு வாங்கி வருகிறேன் என்று வாட்ச்மேன் கீழே இறங்கினார்.

செல்போன் வெளிச்சத்தில் கதவைத் தேடினோம். ஒரு கதவில், என் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில் 42 என்று எண். தகட்டில் தூசி படிந்திருந்தது. விரலால் துடைத்து எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறந்தேன். எதிரே 41. தையல்காரம்மா வீடு. மூன்று வருடமாக யாரும் குடி வரவில்லை. கதவில் போலீஸ் ஒட்டிய சீலின் அரக்கு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பல்பு வர்றதுக்குள்ள நீ துளை எங்க இருக்குன்னு பாத்து வை. நான் அங்க போய் நிக்கிறேன்" என்றார் குமாஸ்தா. "கொலைகாரன் வேஷத்துல நான் நிக்கிறது இதுதான் முதல் தடவை. சம்பளத்துல சேத்துக் கேக்கணும்."

சிரிக்கத் தோன்றவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

காலி அறை. கரண்ட் இல்லை. ரேடியோ அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுத்திருந்தது. ஈயம் காய்ச்சிய வாசனை இன்னும் போகவில்லை. கதவின் உட்பக்கம், சரியாக என் கண் உயரத்தில், துளை இருந்தது. சின்ன மூடியை விலக்கிக் கண்ணை வைத்தேன்.

இருட்டு.

"தெரியுதாம்மா?" என்றார் குமாஸ்தா வெளியிலிருந்து.

"ஒண்ணும் தெரியல."

"லைட்டே இல்ல, என்ன தெரியும்? கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். கண்ணை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கீழ் மாடி டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக டக டக டக... டக டக...

தையல் மிஷின்.

"குமாஸ்தா சார், யாரோ தையல் மிஷின் ஓட்டுறாங்களா?"

"டிவி சத்தம்தாம்மா கேக்குது."

டக டக டக டக... நின்றது. மறுபடியும் ஓடியது. ஒரு மடிப்பைத் தைத்து முடித்து, துணியைத் திருப்பிப் போட்டு, அடுத்த மடிப்பைத் தொடங்குவதுபோல.

கீழே செய்தி முடிகிற இசை வந்தது.

துளைக்குள் வெளிச்சம் வந்தது.

மஞ்சள் வெளிச்சம். நடை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. எதிரே 41 என்ற தகடு. கதவுக்கு முன்னால் பச்சை மிதியடி. இடது பக்கம் லிஃப்ட் கதவு. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"பல்பு போட்டாச்சா?"

"வாட்ச்மேன் இன்னும் மேலயே வரலம்மா."

செல்போனைப் பார்த்தேன். ஏழு பத்து. மறுபடியும் கண்ணை வைத்தேன். அதே வெளிச்சம்.

"அப்ப ஏது இந்த லைட்டு?"

"எந்த லைட்டு?"

அப்போதுதான் கவனித்தேன். எதிரில் குமாஸ்தா இல்லை.

"நீங்க... எங்க நிக்கிறீங்க?"

"அந்தம்மா கதவுலயே சாஞ்சு நிக்கிறேன். உனக்கு நேரா."

குரல் அங்கிருந்துதான் வந்தது.

அங்கே யாரும் இல்லை.

காலியான நடை. பச்சை மிதியடி. மூடிய கதவு. வெளிச்சம்.

டக டக டக...

சட்டென்று நின்றது.

எதிர்க் கதவு திறந்தது.

சத்தமே இல்லை. குமாஸ்தா சாய்ந்து நிற்பதாகச் சொன்ன கதவு... உட்பக்கமாகத் திறந்தது.

உள்ளேயிருந்து ஒருவன் வெளியே வந்தான்.

நீலச் சட்டை. சட்டைப் பையில் கம்பெனிப் பெயர். அந்தப் பையின் ஓரம் கிழிந்து, வேறு நிற நூலால் தைத்திருந்தது. அதைத் தைத்தது நான்.

அண்ணன்.

நரைக்காத அண்ணன். கன்னம் ஒட்டாத அண்ணன்.

கையில் எதையோ வைத்திருந்தான். பூப்போட்ட துணியில் சுற்றியிருந்தது. துணி நனைந்திருந்தது.

லிஃப்ட்டுக்கு முன்னால் போய் நின்றான். பொத்தானை அழுத்தவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். வெளிக்கதவை ஒரு சாண் அளவுக்கு விலக்கினான்.

துணியோடு உள்ளே விட்டான்.

டங்...

டங்...

வெகு கீழே... தண்ணீரில் விழுகிற சத்தம்.

கதவை மூடினான். நன்றாக மூடியதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

பிறகு திரும்பி இந்தத் துளையைப் பார்த்தான். ஒரு நொடி. போய்விட்டான். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

எதிர்க் கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தைச் சுற்றி அளவு நாடா. நாடாவின் ஒரு பக்கம் மஞ்சள். மறு பக்கம் சிவப்பு.

போகிறவனை அவள் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தாள்.

மிதியடியைத் தாண்டினாள்.

நடையைத் தாண்டினாள்.

வந்தாள்...

முகம் துளையை நிறைத்தது.

பிறகு கண் மட்டும்.

ஒரே ஒரு கண்.

இமைக்கவில்லை...

நானும்.

இருட்டு.

டக். டக். டக். கதவை யாரோ தட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

"என்னம்மா, கூப்பிடக் கூப்பிடப் பதிலே இல்ல?" குமாஸ்தாவின் குரல்.

கதவைத் திறந்தேன். நடை கும்மிருட்டு. அவர் கையில் செல்போன் வெளிச்சம். எதிர்க் கதவு பூட்டியபடி இருந்தது. பச்சை மிதியடி எதுவும் இல்லை. வாட்ச்மேன் மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தார், கையில் அட்டைப்பெட்டி பிரிக்காத பல்போடு.

"பல்பைப் போட்டு இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றார் குமாஸ்தா.

"வேண்டாம். பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல. வாங்க போலாம்."

வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன். இரவு முழுவதும் ஒரே யோசனை. பசி, தூக்கமின்மை, பயம், வழக்குக் கட்டை மூன்று வருடமாகத் திரும்பத் திரும்பப் படித்தது... மூளை படம் காட்டிவிட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்? என் தலையைப் பின்னிவிட்ட கை அது. விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான் எதையும் பார்க்கவில்லை. வக்கீலம்மாவிடம் அதையேதான் சொன்னேன்.

"ஒண்ணுமே தெரியல மேடம். சுத்தமா இருட்டு."

"பல்பு போட்டுப் பாக்கலையா?" வக்கீலம்மாவுக்குக் கோபம். "இருட்டுல பாத்துட்டு இருட்டா இருந்துச்சுன்னு சொல்றதுக்கா உங்களை அனுப்பினேன்? சரி, குமாஸ்தா கையில செல்போன் லைட் இருந்ததா?"

"இருந்துச்சு மேடம். எதிர்க் கதவு மேலயேதான் அடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார் கூட வந்திருந்த குமாஸ்தா.

"அப்ப அந்த லைட்டாவது துளை வழியாத் தெரிஞ்சிருக்கணுமே. துளை மேல அடிச்சீங்களா?"

குமாஸ்தா விழித்தார். "துளை எங்க மேடம் இருக்கு? வெளிப்பக்கம் நம்பர் தகடுதான் இருக்கு."

வக்கீலம்மா பேனாவை மேசை மேல் வைத்தார். "என்ன உயரத்துல?"

குமாஸ்தா எழுந்து வந்து என் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே கையை வைத்துக் காட்டினார்.

வக்கீலம்மா கட்டைப் பிரித்துப் படங்களைத் தேடினார். கொலை நடந்த ராத்திரி போலீஸ் போட்டோக்காரர் எடுத்த படங்கள். வழக்கு ஆவணமாக எண் போட்டவை. நடையை எடுத்த ஒரு படத்தில், நடுவில் தையல்காரம்மாவின் திறந்த கதவு. அதை மட்டும்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, மூடிய எதிர்க் கதவு. பித்தளைத் தகடு. தகடு மட்டும். துளை எதுவும் இல்லை. அந்தப் படத்தை நானே என் கையால் நாலு பிரதி எடுத்திருக்கிறேன்.

"மூணு வருஷமா கட்டுக்குள்ளயே இருந்திருக்கு" என்றார் வக்கீலம்மா. "வக்கீலும் பாக்கல, ஜட்ஜும் பாக்கல, நானும் பாக்கல. சாட்சி துளைன்னு சொன்னாரு, எல்லாரும் துளைன்னு எழுதிக்கிட்டோம்."

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குமாஸ்தா டீ சொல்லி அனுப்பினார். நான் மட்டும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. அந்தத் துளை வழியாக யாராலும் எதையும் பார்க்க முடியாது. அப்படியென்றால் நான் எதன் வழியாகப் பார்த்தேன்?

விசாரணை அன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நீதிபதிகள். அரசு வக்கீல் விடாப்பிடியாக வாதாடினார். சாட்சிக்கு இவன் மேல் எந்தப் பகையும் இல்லை. சாட்சியை நேரில் பார்த்த நீதிபதி நம்பியிருக்கிறார். வெறும் தாளைப் படித்துவிட்டு அதை மாற்றக் கூடாது.

மூத்த நீதிபதி வக்கீலம்மாவைப் பார்த்துக் கேட்டார். "சாட்சி பொய் சொல்றார்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்ல எனக்குத் தேவையில்லை ஐயா. அவர் நேர்மையானவராவே இருக்கட்டும். அவர் பார்த்திருக்க முடியாது."

நீதிபதி அந்தப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடுத்த நீதிபதியிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். இப்படி ஒரு துண்டுப் படத்தில் ஒரு மனிதனின் மிச்ச ஆயுள் தொங்கிக்கொண்டிருந்தது.

தகட்டைக் கழற்றிப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லிக் கீழ்க் கோர்ட்டுக்கு உத்தரவு போட்டார்கள். அறிக்கை வந்தது. தகட்டுக்குப் பின்னால் துளையின் வெளி வாய் மரத்தூளும் கோந்தும் வைத்து அடைக்கப்பட்டு, மேலே வார்னிஷ் பூசப்பட்டிருந்தது. கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் புது எண் கொடுத்தபோது செய்தது. கொலைக்கு இரண்டு வருடம் முன்பே.

தீர்ப்பில் எழுதியிருந்ததை மனப்பாடமாகச் சொல்வேன். மீதி ஆதாரங்கள் இவர் மேல் சந்தேகத்தை எழுப்புகின்றன. ஆனால் சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நிரூபணம் ஆகாது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே.

விடுதலை.

அழுதேன். சத்தமாகவே அழுதேன். மூன்று வருட அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது படிக்கட்டின் கீழே ரேடியோக்காரர் நின்றிருந்தார். என் உயரம்தான். கையில் குடை. தீர்ப்பைக் கேட்க அவராகவே வந்திருந்தார்.

"நான் பொய் சொல்லலம்மா" என்றார்.

நான் விலகிப் போகப் பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போ. தகடு அடிச்சப்போ நான் மக வீட்ல இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து அந்தத் துளையில ஒண்ணும் தெரியாது. கண்ணாடி மங்கிப்போச்சுன்னு விட்டுட்டேன். அன்னிக்குத் தையல் மிஷின் சத்தம் சட்டுனு நின்னுச்சு. வெளிய என்னமோ சத்தம் கேட்டுச்சு, கண்ணை வச்சேன். நல்லாத் தெரிஞ்சுது. அன்னிக்கு மட்டும்தான்."

"இதை ஏன் கோர்ட்ல சொல்லல?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுன்னாங்க. யாரும் கேக்கலையே." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீயும் போய்ப் பாத்தியாமே. வாட்ச்மேன் சொன்னான். உனக்கு என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். வயிறாரச் சாப்பிட்டான். இரண்டு நாள் தூங்கினான். பழைய கம்பெனி சேர்த்துக்கொள்ளவில்லை, வேறு வேலை தேடுகிறேன் என்றான். அவன் சிரிக்கும்போதெல்லாம் நானும் சிரித்தேன். நான் பார்த்தது பொய் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகலில் அது சுலபம்தான். சாயங்காலமானால்தான் கஷ்டம். ஏழு மணிக்கு மேல் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்தில் யார் வீட்டிலாவது தையல் மிஷின் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டான். இல்லை என்றேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்த வாட்ச்மேன் போன் செய்தார். விசாரணை நடந்தபோதே பேப்பரில் என் படத்தைப் பார்த்து நான் யார் என்று தெரிந்துகொண்டிருந்தார்.

"ஒரு விஷயம்மா. பழைய லிஃப்ட்டைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டுறாங்க. அடியில குழியில எப்பவும் தண்ணி நிக்கும், போலீஸ்கூட அன்னிக்கு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு விட்டுட்டாங்க. இப்பதான் மோட்டார் வச்சு இறைச்சாங்க. உள்ள ஒரு பெரிய கத்திரிக்கோல் கிடந்துச்சு. துணி சுத்தியிருந்துச்சு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வேலைக்காரங்க பழைய இரும்போட எடைக்குப் போட்டுட்டாங்க. நான் அப்புறம்தான் யோசிச்சேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல..."

"துணியில... பூப் போட்டிருந்துச்சா?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

போனை வைத்துவிட்டேன். சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் அறையில் விளக்கு எரியவில்லை. அண்ணா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தேன்.

அவன் வாசல் கதவோடு ஒட்டி நின்றிருந்தான். இரண்டு உள்ளங்கையும் கதவின் மேல். முகம் பலகையில் அழுந்தியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணை மரத்தில் வைத்திருந்தான்.

"என்னண்ணா பண்ற?"

"சத்தம் போடாத." திரும்பவில்லை. "அவங்களும் இந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

எங்கள் வீட்டுக் கதவு ஒரே பலகை. அதில் துளை எதுவும் கிடையாது.